எழுதப்பட்ட அரசியலமைப்பு இல்லாவிட்டால் குடிமக்களுக்குப் பாதுகாப்பு இல்லையா?

#1 தேம்ஸ்கரை

வேறோர் இழையில் ஒரு நண்பர் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்: அரசியலமைப்பே இல்லாத நாட்டில் உட்கார்ந்துகொண்டு உரிமையைப் பற்றிப் பேசுகிறீர்களே என்று. நான் இருப்பது லண்டன். அங்கே பதில் சொன்னால் இழை திசைமாறிப் போகும் என்பதால் தனியாகத் தொடங்குகிறேன்.

"இதுதான் எங்கள் அரசியலமைப்பு" என்று பிரிட்டனில் கையில் எடுத்துக் காட்ட ஒரு புத்தகம் கிடையாது, உண்மைதான். ஆனால் எழுத்தே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1215-இன் மாக்னா கார்ட்டா, 1679-இன் ஆட்கொணர்வுச் சட்டம், 1689-இன் உரிமைகள் சட்டம், 1911, 1949-இன் நாடாளுமன்றச் சட்டங்கள், 1998-இன் மனித உரிமைகள் சட்டம் எல்லாமே எழுத்துதான். ஒரே இடத்தில் இல்லை. மற்றச் சட்டங்களைவிட உயரத்தில் வைக்கப்படவும் இல்லை.

அப்படியிருந்தும் என்ன நடந்தது என்று பாருங்கள். 1762-இல் ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக்குள் அமைச்சர் கொடுத்த வாரண்டோடு அரசரின் ஆட்கள் நுழைந்தார்கள். நான்கு மணி நேரம் பெட்டிகளையும் பூட்டுகளையும் உடைத்துக் காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். வழக்கு 1765-இல் முடிந்தது. இப்படி நுழைய அதிகாரம் தரும் சட்டம் எங்கே என்று தேடினார் நீதிபதி கேம்டன் பிரபு. எங்கும் இல்லை. ஆகவே அது வெறும் அத்துமீறல், நஷ்டஈடு கொடு என்று தீர்ப்பு. இந்திய அரசியலமைப்பு வருவதற்கு 185 ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது.

கிட்டத்து உதாரணமும் உண்டு. 2019-இல் பிரெக்சிட் கெடு நெருங்கும்போது பிரதமர் போரிஸ் ஜான்சன் ஐந்து வாரத்துக்கு நாடாளுமன்றத்தை முடக்கினார். செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒரே குரலில் அது செல்லாது என்றார்கள். மறுநாளே அவை கூடியது. எந்த அரசியலமைப்புப் பிரிவின் எண்ணையும் அவர்கள் காட்ட வேண்டியிருக்கவில்லை.

ஆக, மரபும் நீதிமன்றமும் வலுவாக இருந்தால் புத்தகம் எதற்கு? மாற்றுக் கருத்து இருப்பவர்கள் வாருங்கள்.

#2 ஏட்டுச்சுரைக்காய்

என் பெயரைப் பார்த்தாலே என் கட்சி தெரியும். 1936-இல் சோவியத் யூனியன் ஓர் அரசியலமைப்பு எழுதியது. பேச்சுரிமை இருந்தது, கூட்டம் கூடும் உரிமை இருந்தது, நீதிமன்ற ஆணையோ அரசு வழக்கறிஞரின் ஒப்புதலோ இல்லாமல் யாரையும் கைது செய்யக்கூடாது என்றுகூட இருந்தது. அடுத்த ஆண்டு 1937, ஸ்டாலினின் பெருங்களையெடுப்பு. சொல்ல வேண்டியதில்லை.

வடகொரியாவிடமும் புத்தகம் இருக்கிறது.

#3 ஆட்கொணர்வு

மதுரையிலிருந்து எழுதுகிறேன், வழக்கறிஞர். சோவியத் உதாரணத்தை எல்லோரும் எடுப்பார்கள். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. சுதந்திரமான நீதிமன்றம் இல்லாத இடத்தில் எழுதினாலும் ஒன்றுதான், எழுதாவிட்டாலும் ஒன்றுதான். நீதிமன்றம் ஓரளவு ஒழுங்காக இயங்கும் நாட்டில் எழுத்து என்ன வித்தியாசம் செய்கிறது என்று கேட்டால்தான் பேச்சு நகரும்.

தேம்ஸ்கரை சார் 2019-ஐச் சொன்னார், 2004-ஐ விட்டுவிட்டார். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு பிரிட்டன் 2001-இல் ஒரு சட்டம் போட்டது: பயங்கரவாதச் சந்தேகம் உள்ள வெளிநாட்டவரை வழக்கே இல்லாமல் காலவரையின்றி அடைத்து வைக்கலாம். பெல்மார்ஷ் சிறையில் அடைத்தார்கள். 2004 டிசம்பரில், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவையின் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் இது மனித உரிமைக்கு எதிரானது என்றார்கள். சரி, கதவு திறந்ததா? இல்லை. 1998-இன் சட்டப்படி நீதிமன்றத்தால் "பொருந்தவில்லை" என்று அறிவிக்க மட்டுமே முடியும். சட்டத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது. ஜெயித்தவர்கள் மறுபடி சிறைக்குள்ளேயே இருந்தார்கள். 2005 மார்ச்சில் நாடாளுமன்றம் வேறொரு சட்டம் கொண்டுவந்து, அவர்களை வீட்டோடு கட்டிவைக்கும் ஏற்பாட்டுக்கு மாற்றியது. இதே தீர்ப்பு இந்தியாவில் வந்திருந்தால், அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் செல்லாது என்னும் பிரிவு 13-இன்படி அந்தச் சட்டம் அன்றைக்கே செத்திருக்கும்.

என் தினசரி வேலையிலிருந்து ஒன்று சொல்கிறேன். தமிழ்நாட்டில் குண்டாஸ் என்று சொல்கிறோமே, 1982-இன் 14-ஆம் எண் சட்டம். கலெக்டரோ கமிஷனரோ கையெழுத்துப் போட்டால் ஓர் ஆண்டு வரை உள்ளே. விசாரணை கிடையாது. காவலில் வைக்கப்பட்டவருக்கு ஒரு புக்லெட் கொடுப்பார்கள்; உத்தரவு, காரணங்கள், எஃப்.ஐ.ஆர். நகல், ரிமாண்ட் உத்தரவு, வாக்குமூலங்கள் எல்லாம் சேர்த்துத் தைத்தது. இருநூறு பக்கத்தைத் தாண்டுவது சாதாரணம். ஆட்கொணர்வு மனு போடும் வக்கீல் அந்தக் கட்டைக் கையில் வாங்கியதும் முதலில் என்ன செய்வார் தெரியுமா? குற்றத்தைப் படிக்க மாட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டி, எந்தப் பக்கம் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கருத்துப்போய்ப் படிக்க முடியாமல் இருக்கிறது என்று தேடுவார். ஆங்கிலத்தில் இருக்கும் ரிமாண்ட் உத்தரவுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பார். சிறையிலிருந்து அனுப்பிய கோரிக்கை மனு எந்தத் தேதியில் வந்தது, அமைச்சர் எந்தத் தேதியில் கையெழுத்திட்டார், நடுவில் எத்தனை நாள் கோப்பு சும்மா கிடந்தது என்று கணக்குப் போடுவார்.

ஏன் என்றால் அரசியலமைப்பின் 22(5) அப்படி எழுதப்பட்டிருக்கிறது: காரணங்களைக் கூடிய விரைவில் தெரிவிக்க வேண்டும், எதிர்த்து மனுக் கொடுக்க முதல் வாய்ப்பிலேயே இடம் தர வேண்டும். படிக்க முடியாத பக்கம் காரணத்தைத் தெரிவித்ததாகாது. அந்த ஒரு பக்கத்துக்காக உத்தரவு ரத்தாகி எத்தனையோ பேர் வெளியே வந்திருக்கிறார்கள். "டெக்னிக்கல் காரணத்தில் ரவுடிகள் தப்புகிறார்கள்" என்று செய்தித்தாள்கள் அலுத்துக்கொள்ளும். அந்த டெக்னிக்கல் காரணம்தான் அரசியலமைப்பு.

#4 தேம்ஸ்கரை

வக்கீல் சார், அருமையாகச் சொன்னீர்கள். ஆனால் அந்த 22-ஆம் பிரிவே தடுப்புக் காவலை அனுமதிக்கும் பிரிவுதானே? வழக்கில்லாமல் அடைக்கலாம் என்பதை அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்குள்ளேயே எழுதி வைத்த நாடு இந்தியா. அமைதிக் காலத்திலும் அது உண்டு. புத்தகம் இல்லாத இந்த நாட்டில், போர்க்காலத்தையும் வட அயர்லாந்தையும் நீங்கள் சொன்ன பெல்மார்ஷையும் விட்டால், அது அன்றாட நிர்வாகக் கருவியாக இருந்ததில்லை. எழுதி வைப்பதில் இந்த ஆபத்தும் இருக்கிறது. எழுதும்போது உரிமையோடு சேர்த்து விதிவிலக்கும் உள்ளே ஏறி உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் அதை இறக்க முடியாது.

இன்னொன்று. நெருக்கடி நிலையை நீங்கள் சொல்லவே இல்லை. 1976 ஏப்ரல் 28, ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கு. ஒன்பது உயர் நீதிமன்றங்கள், மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போடலாம் என்று தைரியமாகச் சொல்லியிருந்தன. உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் தூக்கி எறிந்தது. வாதத்தின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா, சொந்தப் பகையில் ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றால் என்ன செய்வது என்று கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை நீதிமன்றத்தில் வழியில்லை என்றுதான் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் புத்தகத்தில் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்பான பிரிவு 21 அப்படியே இருந்தது. ஓர் எழுத்தும் அழியவில்லை.

#5 ஏட்டுச்சுரைக்காய்

அதே ஆண்டு ஜனவரி 31 தமிழ்நாட்டில் ஆட்சியையே கலைத்தார்கள், குடியரசுத் தலைவர் ஆட்சிக்கான பிரிவு 356-ஐ வைத்து. அதுவும் எழுதப்பட்ட பிரிவுதான். சென்னை மத்திய சிறையில் திமுககாரர்கள் வாங்கிய அடியை நீதிபதி இஸ்மாயில் கமிஷன் பின்னால் விசாரித்தது. முன்னாள் மேயர் சிட்டிபாபு பிழைக்கவில்லை. அன்று அந்தச் சிறையில் இருந்தவர்களிடம் போய்ப் பிரிவு 21 பற்றிச் சொல்லிப் பாருங்கள்.

#6 ஆட்கொணர்வு

இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில்.

ஜபல்பூர் வழக்கை எடுத்தால் பக்கத்தில் லண்டனையும் வைக்க வேண்டும். 1941, லிவர்சிட்ஜ் வழக்கு. போர்க்கால விதி 18பி-யின் கீழ் உள்துறை அமைச்சர் ஒருவரை அடைத்தார். காரணம் என்ன என்று நீதிமன்றம் கேட்க முடியுமா? பிரபுக்கள் அவை முடியாது என்றது. அங்கேயும் நாலுக்கு ஒன்று. மாறுபட்டு நின்ற அந்த ஒருவர் அங்கே அட்கின் பிரபு, இங்கே கன்னா. புத்தகம் உள்ள நாட்டிலும் இல்லாத நாட்டிலும் ஐந்தில் நான்கு நீதிபதிகள் அரசோடுதான் நின்றார்கள். பயம் வந்தால் நீதிபதிகள் எங்கும் ஒரே மாதிரிதான். இதில் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

அதன் பிறகு என்ன நடந்தது என்பதில்தான் சண்டை. கன்னாவுக்குத் தலைமை நீதிபதி பதவி போனது. 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி எம்.எச். பெக்கைப் போட்டார்கள், அவர் ராஜினாமா செய்தார். ஆனால் ஆட்சி மாறியதும் 44-ஆவது திருத்தம் வந்தது. இனி நெருக்கடி நிலையிலும் 20, 21 பிரிவுகளை நிறுத்தி வைக்க முடியாது என்று எழுதிவிட்டார்கள். இப்போது ஒரு பிரதமர் அதே வேலையைச் செய்ய நினைத்தால் முதலில் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு தேடி அரசியலமைப்பைத் திருத்த வேண்டும். திருத்தினாலும், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்ற 1973-இன் கேசவானந்த பாரதி தீர்ப்பு குறுக்கே நிற்கும். பட்ட அடியை எழுதிவைக்க ஓர் இடம் இருந்தது. பிரிட்டனில் லிவர்சிட்ஜுக்குப் பிறகு எங்கே எழுதினீர்கள்?

#7 தேம்ஸ்கரை

அந்தத் தீர்ப்பு தவறு என்று 1979-இல் பிரபுக்கள் அவையிலேயே டிப்லாக் பிரபு சொல்லிவிட்டார். இன்று எந்த மாணவரும் அட்கின் பக்கம்தான் படிக்கிறார். நீங்களும் ஜபல்பூர் தீர்ப்பை முறைப்படி ரத்து செய்ய 2017 வரை, அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கு வரை காத்திருந்தீர்கள்.

#8 ஆட்கொணர்வு

38 ஆண்டு, 41 ஆண்டு. நீதிபதிகளின் வேகத்தில் இரு நாட்டுக்கும் வித்தியாசமில்லை என்று எழுதிக்கொள்கிறேன் :) ஆனால் 44-ஆவது திருத்தம் 1978-லேயே வந்துவிட்டது.

#9 லயத்துப்பிள்ளை

நான் ஹட்டன் பக்கம். இரண்டு நாளாக வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். லண்டனும் டெல்லியும் பேசுகிறீர்கள், நடுவில் எங்கள் கதையையும் வையுங்கள். இதில் புத்தகம் இருந்தது, நீதிமன்றமும் இருந்தது, அதுவும் லண்டன் நீதிமன்றம்.

சுதந்திரம் வரும்போது இலங்கைக்கு சோல்பரி யாப்பு (அரசியலமைப்பு) என்று ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் உரிமைகள் அத்தியாயம் என்று தனியாக இல்லை. ஆனால் 29(2) என்று ஒரு பிரிவு. மற்றச் சமூகத்தவருக்கு இல்லாத ஒரு கட்டுப்பாட்டையோ குறைபாட்டையோ ஒரு சமூகத்தவர் மேல் மட்டும் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் செய்ய முடியாது, செய்தால் வெறுமை. சிறுபான்மையினருக்கு இதைவிட என்ன காப்பு வேண்டும் என்று அன்று பெரியவர்கள் கேட்டார்கள்.

1948 பிப்ரவரியில் சுதந்திரம். அதே ஆண்டு 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். நீ இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. உன் அப்பா இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அதை நிரூபிக்க வேண்டும். சட்டத்தில் தமிழன் என்றோ தோட்டத் தொழிலாளி என்றோ ஒரு சொல்லும் இல்லை. எல்லோருக்கும் பொதுவான சட்டம்! ஆனால் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவருடைய பாட்டனாரின் பிறப்புச் சான்றிதழை எங்கே போய் எடுப்பது? கண்டியச் சிங்கள விவசாயியிடமும் அந்தக் காகிதம் இருந்திருக்காது, அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஏழு உறுப்பினர்கள். 1949-இல் வாக்குரிமையைப் பிரஜாவுரிமையோடு கட்டினார்கள். 1952 தேர்தலில் எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை.

29(2) இருக்கிறதே என்று வழக்குப் போனது. கோடக்கன் பிள்ளை எதிர் முதநாயக்க. 1953-இல் எங்கள் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது: தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது எந்த நாட்டுக்கும் உள்ள இயல்பான அதிகாரம், இந்தச் சட்டம் ஒரு சமூகத்தைக் குறிவைத்ததாகத் தெரியவில்லை. முடிந்தது.

என் தாத்தா 1949-இன் இந்திய, பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழும் விண்ணப்பம் போட்டவர். திருமணமானவருக்கு ஏழு ஆண்டுத் தொடர்ச்சியான வதிவு காட்ட வேண்டும். செக்ரோலில் (தோட்டத்தின் வருகைப் பதிவேட்டில்) பெயர் இருந்தது. ஆனால் ஒரு தோட்டத்தில் "முத்துசாமி", அடுத்ததில் "முத்து", ஒன்றில் கங்காணியின் பெயரோடு சேர்த்து. மூன்றும் ஒரே ஆள்தான் என்று எழுதித் தரத் தோட்டத் துரைக்கு நேரமில்லை. நிராகரித்து வந்த கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது; அதைப் படித்துச் சொல்லப் பாடசாலை வாத்தியாரைத் தேடிப் போனார்களாம். 1964-இல் சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே என்று பங்கு போட்டபோதும் யாரிடமும் கேட்கவில்லை. கடைசி நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைக்க 2003 வரை ஆனது. அதுவும் சாதாரணச் சட்டம் ஒன்றால்தான், யாப்பால் இல்லை.

ஆகவே புத்தகம் இருந்தால் காப்பாற்றும் என்று சொல்பவர்கள் எந்த ஊர்ப் புத்தகம் என்று சொல்லட்டும்.

#10 கணக்கு வாத்தியார்

மனம் கனத்துப்போனது, தம்பி.

ஒரு சந்தேகம் மட்டும். 29(2) ஒருமுறையாவது யாருக்காவது வேலை செய்ததா? தனிச்சிங்களச் சட்டத்தின்போது?

#11 லயத்துப்பிள்ளை

ஐயா, நல்ல கேள்வி. வேலை செய்யப் பார்த்தது, அதற்குள் கழற்றிவிட்டார்கள்.

கோடீஸ்வரன் என்று ஓர் அரசாங்க எழுதுவினைஞர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்கு உட்கார மாட்டேன் என்றார், சம்பள உயர்வை நிறுத்தினார்கள். வழக்குப் போட்டார். 1964-இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1956-இன் அரச கரும மொழிச் சட்டமே (நீங்கள் சொன்ன தனிச்சிங்களச் சட்டம்) 29-க்கு முரண் என்று சொன்னது! 1967-இல் எங்கள் உயர் நீதிமன்றம் (இந்தியாவின் உச்ச நீதிமன்றம் மாதிரி) மொழியைத் தொடவே இல்லை. அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசு மேல் வழக்குப் போட முடியாது என்று தள்ளிவிட்டது. 1969-இல் பிரிவி கவுன்சில், முடியும், மொழிப் பிரச்சினையை முதலில் விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. அந்த விசாரணை நடக்கவே இல்லை. 1971-இல் பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழியை அடைத்தார்கள். 1972 மே 22-இல் புதுக் குடியரசு யாப்பு வந்தது. 29 போயிற்று.

வேடிக்கை என்னவென்றால் 1972 யாப்பில்தான் அடிப்படை உரிமைகள் என்று முதல்முறையாக ஓர் அத்தியாயமே எழுதினார்கள். சமத்துவம், பேச்சுரிமை எல்லாம் உண்டு. கூடவே சிங்களம் அரச கரும மொழி, பௌத்தத்துக்கு முதன்மை இடம். உரிமைகளின் பட்டியல் நீண்டது, காப்பு குறைந்தது.

இன்னொரு வழக்கையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. 1962-இல் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயன்றார்கள். அவர்களைத் தண்டிப்பதற்கென்றே, நடந்து முடிந்த காரியத்துக்குப் பின்தேதியிட்டு ஒரு சட்டம் செய்தது பாராளுமன்றம். 1965 டிசம்பரில் பிரிவி கவுன்சில் அதை வெறுமையாக்கி எல்லோரையும் விடுவித்தது; நீதித்துறையின் அதிகாரத்தைப் பாராளுமன்றம் எடுத்துக்கொள்ள முடியாது, யாப்பின் அமைப்பே அதைத் தடுக்கிறது என்று. கேணல்மாருக்கு அதே புத்தகம் வேலை செய்தது. கொழுந்து கிள்ளியவர்களுக்குச் செய்யவில்லை.

#12 ஹாரோ வாசி

தேம்ஸ்கரைக்கு அருகில்தான் இருக்கிறேன். லயத்துப்பிள்ளை சொன்ன 1948-க்கு இருபது ஆண்டு கழித்துப் பிரிட்டன் செய்ததை யாரும் எடுக்கவில்லையே?

கென்யாவில் இருந்த இந்தியர்கள். கென்யா சுதந்திரமடைந்தபோது பலர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைத்தான் வைத்துக்கொண்டார்கள். 1967 வாக்கில் அங்கே தொழில் செய்யவும் வேலை பார்க்கவும் நெருக்கடி வந்ததும் லண்டனுக்குக் கிளம்பினார்கள். கையில் இருப்பது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். வர உரிமை உண்டு. 1968-இல் தொழிற்கட்சி அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது: பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருந்தால்தான் தடையில்லாமல் உள்ளே வரலாம். இதிலும் இந்தியர் என்று ஒரு சொல் இல்லை! வெள்ளைக்காரர்களுக்குத் தாத்தா இருந்தார், இவர்களுக்கு இல்லை. இரு அவைகளிலும் சேர்த்து மூன்று நாளில் நிறைவேறியது, மார்ச் 1 அன்று அரசியின் ஒப்புதல். விமானத்தில் ஏறும்போது இருந்த உரிமை இறங்கும்போது இல்லை என்ற நிலை.

என் தெருவில் கடை வைத்திருந்த ஒரு குஜராத்தி முதியவர் அந்த பாஸ்போர்ட்டைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "இதை நம்பித்தான் நைரோபி வீட்டை விற்றேன்" என்றார்.

இங்குள்ள எந்த நீதிமன்றத்தாலும் அந்தச் சட்டத்தைத் தொட முடியவில்லை. நாடாளுமன்றம் செய்த சட்டமல்லவா? ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை ஆணையம்தான் 1973-இல் இது நிறத்தை வைத்துச் செய்த இழிவு என்று சொன்னது. அதாவது பிரிட்டனைப் பிடித்து நிறுத்தியது வேறோர் இடத்தில் எழுதி வைத்த ஒரு புத்தகம், ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை.

#13 மூன்றாம்_வகுப்பு

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு வந்தால் நான் எப்போதும் கேட்பது ஒன்று: யாருடைய உரிமை? அரசியலமைப்பு வந்ததும் முதலில் கதவைத் தட்டியவர்களில் ஒருவர் கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை எதிர்த்தவர். 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் அது ரத்தானது. நீதிக்கட்சிக் காலத்திலிருந்து போராடிப் பெற்றது, சமத்துவம் என்று எழுதிய அதே புத்தகத்தால் போனது. பெரியார் தெருவில் இறங்கினார், முதல் திருத்தம் வந்தது, பின்தங்கியோருக்குத் தனி ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) வந்தது. புத்தகத்துக்கு அப்போது ஒன்றரை வயதுகூட ஆகவில்லை.

அதனால் "எளிதில் திருத்த முடியாதபடி எழுதணும்" என்று யாராவது சொன்னால் எனக்கு உதறும். அன்று திருத்த முடியாமல் போயிருந்தால்?

#14 ஆட்கொணர்வு

அதே முதல் திருத்தம்தான் பேச்சுரிமைக்கும் கூடுதல் கடிவாளம் போட்டது, மறந்துவிடாதீர்கள். சென்னை அரசு தடை செய்த ஒரு பத்திரிகைக்காக 1950-இல் ரோமேஷ் தாப்பர் ஜெயித்தார். அதைச் சரிக்கட்டவும் அதே திருத்தத்தைப் பயன்படுத்தினார்கள். ஒரே மசோதாவில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும். திருத்தும் கதவு திறந்திருந்தால் இரண்டும் உள்ளே வரும்.

#15 கிவிப்பழம்

நியூசிலாந்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். இங்கேயும் ஒரே புத்தகம் கிடையாது. 1986-இல் ஓர் அரசியலமைப்புச் சட்டம், 1990-இல் ஓர் உரிமைகள் சட்டம், இரண்டும் சாதாரணச் சட்டங்கள். மேலவைகூட இல்லை, 1950-களின் தொடக்கத்திலேயே எடுத்துவிட்டார்கள். வாழ நல்ல நாடுதான். ஆனால் 2003-இல் மாவோரி மக்கள் கடற்கரை நிலத்தின் மேல் உரிமை கோரி நீதிமன்றம் போகலாம் என்று தீர்ப்பு வந்ததும், 2004-இல் நாடாளுமன்றம் அந்த நிலத்தை அரசுடைமை ஆக்கிச் சட்டம் போட்டுவிட்டது. ஜெயித்த வழக்கு காற்றில் போனது. பெரும்பான்மையோடு ஒத்துப்போகும்வரை எழுதாத நாட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை.

2011-இல் அந்தச் சட்டத்தை மாற்றினார்கள். மாற்றியதற்குக் காரணம் நீதிமன்றம் இல்லை; 2004 கோபத்தில் பிறந்த மாவோரி கட்சி ஆட்சிக்கு ஆதரவு கொடுக்கும் இடத்தில் இருந்தது.

#16 நெறியாளர்

சாதியைச் சொல்லி எழுதப்பட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். விவாதம் நன்றாகப் போகிறது, கெடுக்க வேண்டாம்.

#17 தேம்ஸ்கரை

ஹாரோ வாசி 1968-ஐ எடுத்ததால் 2024-ஐயும் நானே வைத்துவிடுகிறேன். என் கட்சிக்கு எதிரானது என்பதற்காக மறைக்க மாட்டேன். 2023 நவம்பர் 15, அடைக்கலம் கேட்டு வருபவர்களை ருவாண்டாவுக்கு அனுப்புவது சட்டவிரோதம், அந்த நாடு அவர்களுக்குப் பாதுகாப்பானதல்ல என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு ஐந்து தீர்ப்புச் சொன்னது. அரசு என்ன செய்தது? ருவாண்டா பாதுகாப்பான நாடுதான் என்று 2024 ஏப்ரலில் ஒரு சட்டமே இயற்றியது. நீதிபதிகள் சாட்சியத்தைப் பார்த்துக் கண்ட உண்மையை நாடாளுமன்றம் ஓட்டெடுப்பில் மாற்றியது! ஜூலையில் ஆட்சி மாறியதால் திட்டம் கைவிடப்பட்டது. மாறாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க எனக்கும் பிடிக்கவில்லை.

இருந்தாலும் முழுப் புத்தகம் வேண்டும் என்ற இடத்துக்கு நான் வரமாட்டேன். இன்றைய பிரிட்டனில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினால் யார் எழுதுவார்கள்? அன்றன்றைய கோபம் எழுதும். குடியேறிகளைப் பற்றி என்ன எழுதுவார்கள் என்று தெரியும்தானே. மூன்றாம்_வகுப்பு நண்பரின் பயமும் அதுதான். எனக்கு வேண்டியது மூன்றே மூன்று: குடியுரிமையைப் பறிப்பது, விசாரணையின்றி அடைப்பது, நீதிமன்றத்துக்குப் போகும் வழியை அடைப்பது. இவற்றில் கைவைக்கும் சட்டம் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேறக்கூடாது. மற்றதெல்லாம் இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும்.

#18 ஏட்டுச்சுரைக்காய்

மூன்று வரி எழுதினால் அது அரசியலமைப்பு இல்லையாமா? சரிதான் :)

#19 ஆட்கொணர்வு

தேம்ஸ்கரை சார், மூன்றும் சரியான தேர்வு. இரண்டாவதை மட்டும் என் ஊர் அனுபவத்தில் கொஞ்சம் விரித்து எழுதுங்கள். அடைக்கக்கூடாது என்று மட்டும் எழுதினால் "இது அடைப்பே இல்லை, வீட்டுக் கண்காணிப்பு" என்பார்கள், நீங்கள் 2005-இல் பார்த்ததுதான். எத்தனை நாளில் காரணம் சொல்ல வேண்டும், எந்த மொழியில், காவல் உத்தரவைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்துக்கு எத்தனை நாளில் அனுப்ப வேண்டும் என்று நாளும் மொழியும் போட்டு எழுத வேண்டும். குண்டாஸில் மூன்று வாரம் என்று இருப்பதால்தான் நாலாவது வாரம் நாங்கள் சட்டையைப் பிடிக்க முடிகிறது. "நியாயமான காலத்துக்குள்" என்று இருந்திருந்தால் அந்த நியாயம் கோப்புக்குள் தூங்கும்.

அம்பேத்கர் 1949 நவம்பர் 25-இல் பேசியதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்: நடத்துபவர்கள் மோசமானால் எவ்வளவு நல்ல அரசியலமைப்பும் மோசமாகும் என்ற கருத்து. அப்படிச் சொன்னவர்தான் 395 பிரிவுகளை உட்கார்ந்து எழுதினார். நடத்துபவர்களை நம்பியிருந்தால் நாலு பக்கத்தில் முடித்திருப்பார்.

#20 லயத்துப்பிள்ளை

நாள் பற்றிப் பேச்சு வந்ததால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

2018 நவம்பர் 9 இரவு ஜனாதிபதி சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தார். டிசம்பர் 13-இல் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அது யாப்புக்கு முரண் என்று சொன்னார்கள். பத்தொன்பதாவது திருத்தத்தில் நாலரை ஆண்டு முடியுமுன் கலைக்க முடியாது என்று எண் போட்டு எழுதியிருந்தது, அதனால் வளைக்க இடமில்லை. வக்கீல் ஐயா சொல்வது அந்த மட்டில் சரி. அன்று யாப்பு வேலை செய்ததைக் கண்ணால் கண்டோம்.

ஆனால் அது பாராளுமன்ற உறுப்பினர்களின் வழக்கு. தோட்டத்தில் ஒரு பையனைப் பொலிஸ் பிடித்து அடித்தால்? 126-ஆவது உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மனுவைக் கொழும்பு புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றத்தில் மட்டும்தான் தாக்கல் செய்யலாம். அதுவும் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள். பையன் ஆஸ்பத்திரியிலிருந்து வரவே இரண்டு வாரம். அம்மா விடுப்புப் போட்டால் பெயர் விழாது (அன்று வேலைநாளாகப் பதியாது), சம்பளம் வெட்டு. ஹட்டனிலிருந்து புதுக்கடை போய், வக்கீல் பிடித்து, சத்தியக்கடதாசி தயாரித்து, எல்லாம் மிச்சமுள்ள இரண்டு வாரத்தில். மனித உரிமை ஆணைக்குழுவில் மாதத்துக்குள் முறையிட்டிருந்தால் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்று ஒரு சலுகை உண்டு. அது பாதிப் பேருக்குத் தெரியாது.

போதாததற்கு 16-ஆவது உறுப்புரை: யாப்புக்கு முன்பே இருந்த சட்டம் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும். 80(3): சபாநாயகர் சான்றுரைத்த பிறகு ஒரு சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. மசோதாவாக இருக்கும்போதே ஓடிப்போய்த் தடுக்க வேண்டும்.

புதிதாக எழுதுகிறோம் என்று 2016-இல் ஊர் ஊராக வந்து கருத்துக் கேட்டார்கள். எங்கள் ஆட்களும் போய்க் காணி, வீட்டுரிமை எல்லாம் சொன்னார்கள். அறிக்கை வந்தது, யாப்பு வரவில்லை. அடுத்த முறை கேட்க வந்தால் நான் சொல்வதற்கு இரண்டு வைத்திருக்கிறேன்: அந்த ஒரு மாதத்தை எடுங்கள், மனுவைக் கண்டி, நுவரெலியா மேல் நீதிமன்றங்களிலும் வாங்குங்கள்.

#21 கணக்கு வாத்தியார்

லண்டனில் கெடு எவ்வளவு? இந்தியாவில்?

#22 தேம்ஸ்கரை

மனித உரிமைகள் சட்டத்தில் ஓர் ஆண்டு, நீதிமன்றம் விரும்பினால் நீட்டலாம். அரசு முடிவை எதிர்த்து நீதிப் புனராய்வு என்றால் உடனடியாக, அதிகபட்சம் மூன்று மாதம். ஆனால் 1998-இன் சட்டத்தை அப்படியே தூக்கிவிட்டு வேறு கொண்டுவர 2022 ஜூனில் ஒரு மசோதா வந்தது, ஓர் ஆண்டு கழித்துக் கைவிட்டார்கள். நிறைவேறியிருந்தால் நான் சொல்லும் கெடுவும் மாறியிருக்கும். சாதாரணப் பெரும்பான்மை போதும்.

#23 ஆட்கொணர்வு

உயர் நீதிமன்றத்தில் நேரடியாக மனுப் போட வழிசெய்யும் பிரிவு 226-இல் கெடு எழுதவில்லை. ரொம்பத் தாமதமானால் ஏன் என்று நீதிபதி கேட்பார், பதில் சொல்ல வேண்டும். ஆட்கொணர்வு மனுவில் அந்தக் கேள்வியும் எழாது. ஆள் உள்ளே இருக்கும்வரை போடலாம். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கென்று 13 மாவட்டங்களை 2004-இல் பிரித்துக் கொடுத்தார்கள். அதற்கு முன் ராமநாதபுரத்துக்காரர் சென்னைக்குத்தான் ரயில் ஏற வேண்டும். அதற்காக வக்கீல்கள் எத்தனை ஆண்டு கோரிக்கை வைத்தார்கள் என்பதைத் தனி இழையில் எழுதுகிறேன். லயத்துப்பிள்ளை தம்பி, உங்கள் இரண்டாவது கோரிக்கைக்கு அது உதவும்.